லயன் கிளியர்: கானாடுகாத்தான் வீட்டு மாடியில் ஒரு மீட்டர் கேஜ் தடம்

எங்கள் வீட்டில் புதிதாக ஓர் ஆணி அடிப்பதென்றாலும் பங்காளிகள் எல்லாரையும் கேட்க வேண்டும். கானாடுகாத்தானில் உள்ள அந்த வீடு இன்றைக்கு ஒன்பது புள்ளிகளுக்கு, அதாவது ஒன்பது குடும்பங்களுக்கு, பொது. நிரந்தரமாகக் குடியிருப்பது நானும் என் மனைவியும் மட்டுமே. திருமணமோ, முன்னோருக்குப் படைக்கும் படைப்போ வந்தால் ஊர் ஊராக இருப்பவர்கள் வந்து இறங்குவார்கள், மாடியிலுள்ள நீண்ட கூடம் முழுவதும் பாய் விரிக்க வேண்டியிருக்கும். ஆகவே மாதிரி ரயில் அமைப்பது என்று நான் முடிவு செய்தபோதே இரண்டு நிபந்தனைகள் தாமாக வந்து சேர்ந்தன: சுவரில் எதுவும் பொருத்தக் கூடாது, அரை நாளில் முழுவதையும் கழற்றி ஓர் அறைக்குள் அடுக்கிவிட முடிய வேண்டும். இந்த நிபந்தனைகளால்தான் தடம் ஏழு தனிப் பலகைகளாகப் பிரிந்தது. ஒவ்வொன்றும் 120 செ.மீ. நீளம், 45 செ.மீ. அகலம், ஏழையும் சேர்த்தால் 8.4 மீட்டர். காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவிலுள்ள பழம்பொருள் கடை ஒன்றில், இடித்த வீடுகளிலிருந்து வந்த பர்மாத் தேக்குப் பலகைத் துண்டுகள் கிடைத்தன. சட்டம், மேற்பரப்பு இரண்டுமே அந்தத் தேக்குதான். பிளைவுட்டை விட்டுத் தேக்கை எடுத்ததற்கு வேறொரு காரணமும் பின்னால் வரும்.

எதைச் செய்வது என்பதில் எனக்குக் குழப்பமே இருக்கவில்லை. திருச்சியிலிருந்து புதுக்கோட்டை, காரைக்குடி வழியாக மானாமதுரை செல்லும் பாதையைத் தென்னிந்திய ரயில்வே 1930 வாக்கில் மீட்டர் கேஜாக, அதாவது தண்டவாளங்களுக்கிடையே ஒரு மீட்டர் இடைவெளியோடு, அமைத்தது. 2008-க்குள் அது முழுவதும் அகலப் பாதையாக மாறிவிட்டது. எனக்கு வேண்டியது அந்த மாற்றத்துக்கு முந்தைய செட்டிநாடு நிலையம்: ஒரு மெயின் லயன், வண்டி ஒதுங்கி நிற்க ஒரு லூப் லயன், இரு முனைகளிலும் கைகாட்டி மரங்கள், செம்மண். மறுமுனையில் காரைக்குடி நிலையத்தின் வடக்குக் கோடி. இடையிலிருக்கும் கோட்டையூரை விட்டுவிட நேர்ந்தது எனக்கு இன்றும் வருத்தம்தான்; ஆனால் 1:87 அளவில் ஒரு கிலோமீட்டரே 11.5 மீட்டராகிறது, கூடத்தில் அதற்குக்கூட இடமில்லை. தூரத்தைச் சுருக்கித்தான் ஆக வேண்டும் என்று தெரிந்த பிறகு, சுருக்கக் கூடாதவை எவை என்று யோசிக்கத் தொடங்கினேன்.

1:87 அளவில் மீட்டர் கேஜ் 11.49 மி.மீ. வரும். கடையில் கிடைக்கும் 12 மி.மீ. இடைவெளிச் சக்கரங்கள் அதற்கு மிக அருகில் இருப்பதால் அரை மில்லிமீட்டர் வித்தியாசத்தை ஏற்றுக்கொண்டேன். ஆனால் 12 மி.மீ. தண்டவாளத்தை ஆயத்தமாக வாங்கவில்லை. வெளிநாட்டு மலைப்பாதைகளை மனத்தில் வைத்துச் செய்யப்பட்ட அவற்றில் சிலிப்பர் கட்டைகளின் இடைவெளியும் தண்டவாளத்தின் தடிமனும் நம் பாதையைப் போல் இல்லை. நம்முடைய மீட்டர் கேஜ் பாதைகளில் பரவலாக இருந்தது கெஜத்துக்கு 60 பவுண்டு எடையுள்ள தண்டவாளம். அதன் உயரம் 114 மி.மீ. தான். மாதிரியில் அது 1.3 மி.மீ. ஆக வேண்டும். கிடைத்தவற்றுள் மெல்லியதான 1.4 மி.மீ. உயர நிக்கல் சில்வர் தண்டவாளத்தைத் தனியாக வருவித்து, தடத்தை என் கையாலேயே போட்டேன்.

மரச் சிலிப்பரின் உண்மை நீளம் ஆறடி, அகலம் எட்டு அங்குலம். மாதிரியில் 21 மி.மீ. நீளமும் 2.3 மி.மீ. அகலமும் உள்ள குச்சி. 12 மீட்டர்த் தண்டவாளத்துக்கு 16 சிலிப்பர் என்று கணக்கிட்டேன், அதாவது மாதிரியில் 8.6 மி.மீ. க்கு ஒன்று. மெயின் லயனுக்கு மட்டும் ஏறக்குறைய ஆயிரம் குச்சிகள் வந்தன. நான்கில் ஒன்று செம்புப் பூச்சுள்ள பிசிபி (மின்சுற்றுப் பலகை) தகட்டுத் துண்டு, மற்ற மூன்றும் தேக்குச் சீவல். தண்டவாளத்தைத் தாங்கிப் பிடிப்பது அந்தச் செம்புத் துண்டுகளில் வைக்கும் ஈயப் பற்றுதான். இங்கே இரண்டு எச்சரிக்கைகளைச் சொல்ல வேண்டும். ஒன்று, ஒவ்வொரு செம்புத் துண்டின் நடுவிலும் ரம்பத்தால் ஒரு கீறல் போட்டுச் செம்பைப் பிரிக்க வேண்டும். இல்லாவிட்டால் இரண்டு தண்டவாளமும் அந்தச் சிலிப்பர் வழியாகவே இணைந்து ஷார்ட் சர்க்யூட் ஆகிவிடும். மூன்றாம் பலகையில் கீறாமல் விட்ட ஒரே ஒரு துண்டைத் தேடி மல்டிமீட்டரின் பீப் ஒலியோடு ஒரு மாலை முழுவதும் உட்கார்ந்திருந்தேன். அதன் பிறகு பத்துத் துண்டு பற்றவைத்தால் பத்தையும் சோதித்துவிட்டே அடுத்ததற்குப் போனேன். மற்றொன்று, ஈயத்தைத் தண்டவாளத்தின் வெளிப்புறத்தில் மட்டுமே வைக்க வேண்டும். உட்புறத்தில் ஒரு கடுகளவு ஈயம் திரண்டிருந்தாலும் இவ்வளவு தாழ்ந்த தண்டவாளத்தில் சக்கரத்தின் விளிம்பு அதன் மேல் ஏறி இறங்கும், பெட்டி தள்ளாடும்.

வெயிலைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். தை மாதத்தில் பலகைகளின் சந்திப்பில் தண்டவாள முனைகளை ஒன்றோடொன்று முட்டும்படி வைத்திருந்தேன். சித்திரையில் அவை ஒன்றையொன்று தள்ளி மேலெழுந்தன. அரை மில்லிமீட்டர் இடைவெளி விட்டபின் அந்தத் தொல்லை தீர்ந்தது.

இனி, தேக்குக்கான காரணம். மாதிரி ரயில் செய்பவர்கள் பெரும்பாலும் தடத்தின் அடியில் கார்க் விரித்து ஒலியை அடக்குவார்கள். எனக்கு வேண்டியது அந்த ஒலிதான். இரவு ரயிலில் காரைக்குடியிலிருந்து சென்னைக்குப் போனவர்கள் எல்லாருக்கும் தண்டவாள இணைப்புகளின் மேல் பெட்டி கடக்கும் தடக் தடக் என்ற தாளம் உடம்பிலேயே தங்கியிருக்கும். நீளமாகப் பற்றவைத்து இணைத்த இன்றைய தண்டவாளங்களில் அது இல்லை. மீட்டர் கேஜ் தண்டவாளம் ஒன்றின் நீளம் 12 மீட்டர். மாதிரியில் அது 13.8 செ.மீ. நம் நாட்டுப் பாதைகளில் இரு பக்கத்து இணைப்புகளும் நேருக்கு நேராக அமைவதால், 13.8 செ.மீ. க்கு ஒரு முறை இரண்டு தண்டவாளங்களின் மேற்பகுதியிலும் நேர்க்கோட்டில் மெல்லிய ரம்பத்தால் ஒரு கீறல் மட்டும் போட்டேன். மெயின் லயன் முழுவதற்கும் 60 சோடிக் கீறல்கள். பெட்டிகளுக்கு உலோகச் சக்கரம் போட்டு, உள்ளே ஈயத் துண்டு வைத்துக் கனமாக்கினேன்.

இதில் எனக்கு மிகவும் பிடித்த கணக்கு ஒன்று உண்டு. உண்மை வண்டி மணிக்கு 40 கி.மீ. வேகத்தில் 12 மீட்டரைக் கடக்க 1.08 விநாடி ஆகும். மாதிரி வண்டி அதே வேகத்தின் 87-இல் ஒரு பங்கில், அதாவது விநாடிக்கு 12.8 செ.மீ. வீதம் சென்றால், 13.8 செ.மீ. ஐக் கடக்கவும் அதே 1.08 விநாடிதான். நீளத்தைச் சுருக்கினோம், வேகத்தைச் சுருக்கினோம், தாளம் அப்படியே நிற்கிறது. கண்ணை மூடிக்கொண்டால் பலகையில் ஓடுவது எவ்வளவு சிறிய வண்டி என்பது தெரியாது. தேக்குப் பலகை அந்த ஒலியைக் கூடம் முழுவதும் எடுத்துச் செல்கிறது. வேகத்தைச் சரிபார்க்க ஒரு மீட்டர் இடைவெளியில் இரண்டு ஒளி உணரிகளைப் பதித்திருக்கிறேன்: 40 கி.மீ. வேகமென்றால் அந்த ஒரு மீட்டருக்கு 7.8 விநாடி ஆக வேண்டும். லூப் லயனில் நுழையும்போது விதிப்படி 15 கி.மீ., அப்போது ஒரு மீட்டருக்கு 21 விநாடி. முதன்முறை பார்ப்பவர்கள் வண்டி மிகவும் மெதுவாகப் போகிறது என்பார்கள். வண்டி சரியாகத்தான் போகிறது.

என்ஜின் ஒய்டிஎம்4 டீசல். ஒய்பி நீராவி என்ஜின் செய்ய வேண்டும் என்ற ஆசை இருந்தும், இயக்கு கம்பிகளைத் துல்லியமாகச் செய்யும் கருவிகள் என்னிடம் இல்லாததால் அதைப் பின்னுக்கு வைத்தேன். 12 மி.மீ. இடைவெளியில் ஓடும் ஐரோப்பிய டிடி அளவு (1:120) மாதிரி டீசல் ஒன்றின் ஆறு அச்சு அடிச்சட்டம் பழைய பொருளாகக் கிடைத்தது. அதன் மேல் முப்பரிமாண அச்சில் எடுத்த உடலைப் பொருத்தினேன். பெட்டிகள் நான்கையும் கல்யாணப் பத்திரிகை அட்டையில் செய்தேன். எங்கள் பக்கத்துப் பத்திரிகைகளின் அட்டை தடிமனானது, கூரான கத்திக்குப் பிசிறில்லாமல் வெட்டுப்படும், ஷெல்லாக் ஓர் அடுக்குப் பூசினால் ஈரத்தில் வளையாது. அரக்குச் சிவப்பு நிறம் பூசி, சன்னல் கம்பிகளுக்குத் தையல் நூலை இழுத்துக் கட்டினேன்.

ஜல்லிக்குக் கருங்கல் தூளைப் பயன்படுத்தினேன். 50 மி.மீ. ஜல்லி மாதிரியில் அரை மில்லிமீட்டருக்குச் சற்று அதிகம். வீட்டில் மாவு சலிக்கும் சல்லடைகளில் இரண்டை அடுத்தடுத்து வைத்துச் சலித்ததில், மேலதில் தங்காமலும் கீழதில் விழாமலும் நின்ற தூள் சரியாக அந்த அளவில் இருந்தது. செம்மண்ணை ஊருணிக் கரையிலிருந்தே எடுத்து வந்தேன். வேறு எந்த நிறப்பொடியாலும் அந்தச் சிவப்பைக் கொண்டுவர முடியாது என்று இன்றும் நம்புகிறேன். ஆனால் அந்த மண்தான் முதல் பெரிய பழுதையும் கொண்டுவந்தது.

மண் விரித்து ஒரு வாரம் கழித்து என்ஜின் செட்டிநாடு பலகையில் மட்டும் முனக ஆரம்பித்தது. மின்னழுத்தம் சரியாக இருந்தது, தண்டவாளம் சுத்தமாக இருந்தது. பத்தாம் நாள் நின்றேவிட்டது. உடலைக் கழற்றி மோட்டாரைப் பூதக்கண்ணாடியில் பார்த்தேன். காந்தத்தைச் சுற்றிலும் கறுப்பும் செம்பழுப்புமாக மெல்லிய ரோமம் முளைத்ததைப் போல மண் துகள்கள் நிமிர்ந்து நின்றன. புழுப்பல் அச்சின் மசகோடு சேர்ந்து அவை அரைத்த சாந்தாகிப் பற்களை அடைத்திருந்தன. செட்டிநாட்டு மண்ணின் சிவப்பே இரும்பால் வந்த சிவப்பு. அதில் காந்தம் இழுக்கும் துகள்களும் கலந்திருக்கின்றன. பாலிதீன் தாளில் சுற்றிய ஒலிபெருக்கிக் காந்தத்தைக் கிண்ணத்து மண்ணில் ஒரு சுற்றுச் சுற்றி எடுத்தேன். தாளின் அடியில் விரல் தடிமனுக்கு ஒரு தாடி தொங்கியது. அன்றே மோட்டாரைத் தின்னரில் கழுவி, பற்களைப் பழைய பல் துலக்கியால் தேய்த்து, புதிதாக மசகிட்டேன். பலகையில் ஒட்டாமல் கிடந்த மண்ணை உறிஞ்சி எடுத்துவிட்டு, இரும்பு நீக்கிய மண்ணை மீண்டும் விரித்தேன். காந்தத்தை மூன்று முறை சுற்றினால்தான் மண் முழுவதும் சுத்தமாகிறது. முதல் முறையோடு நிறுத்தக் கூடாது. பின்னர் ஒரு பங்கு ஃபெவிகாலுக்கு மூன்று பங்கு நீரும் ஒரு சொட்டுப் பாத்திரம் துலக்கும் திரவமும் கலந்து, சொட்டு மருந்துக் குழாயால் மண் முழுவதும் நனையும்படி விட்டுக் காயவைத்தேன். ஓர் ஆண்டுக்கு மேலாகியும் மோட்டாரில் ஒரு துகள்கூட இல்லை. நம் பகுதியில் சொந்த மண்ணை வைத்து மாதிரி செய்ய நினைக்கும் எவரும் காந்தத்தை முதலில் எடுக்க வேண்டும்.

தடம் ஓடத் தொடங்கியதும் உறவினர்கள் வந்து பார்த்தார்கள், படம் எடுத்தார்கள். மகிழ்ச்சியாகத்தான் இருந்தது. பிறகு இந்தப் பாதையில் பல்லாண்டுகள் ஸ்டேஷன் மாஸ்டராக இருந்து ஓய்வுபெற்ற ஒருவரை, இப்போது எண்பதை எட்டிக்கொண்டிருப்பவரை, அழைத்து வந்தேன். அவர் நாற்காலியை நிலையக் கட்டடத்துக்கு நேராகப் போட்டு உட்கார்ந்தார். வண்டி செட்டிநாட்டிலிருந்து புறப்பட்டுக் காரைக்குடி போய், திரும்பி வந்தது. இருமுறை பார்த்துவிட்டுக் கேட்டார்: "வண்டி அழகா இருக்கு தம்பி. ஆனா இதுக்கு லயன் கிளியர் யார் கொடுத்தா?"

லயன் கிளியர் என்பது தடம் காலி, வண்டி வரலாம் என்று அடுத்த நிலையம் தரும் சம்மதம். எனக்கு எட்டு வயதில் பார்த்தது நினைவுக்கு வந்தது. அப்பச்சி (எங்கள் பக்கத்தில் அப்பாவை அப்படித்தான் அழைப்போம்) அப்போது சென்னையில் வேலை பார்த்தார்கள். விடுமுறை முடிந்தால் ஆத்தாவோடு (அம்மாவோடு) செட்டிநாடு நிலையத்துக்குப் போய் அவர்களை வண்டியேற்றிவிட்டு வருவோம். நிலைய அறையில் சிவப்புப் பூச்சுள்ள இரும்புப் பெட்டி இருக்கும். ஸ்டேஷன் மாஸ்டர் அதன் விசையை அழுத்துவார், எங்கேயோ இருக்கும் அடுத்த நிலையத்திலிருந்து மணி பதில் சொல்லும், கைப்பிடியைத் திருப்பியதும் உள்ளிருந்து ஒரு குண்டு உருண்டு வெளியே வரும். அதைத் தோல் பையில் இட்டு, பை கோத்த பிரம்பு வளையத்தை என்ஜின் ஓட்டுநரிடம் கொண்டுபோய்க் கொடுப்பார்கள். அந்தக் குண்டு கைக்கு வராமல் அவ்வளவு பெரிய என்ஜின் ஓர் அடி நகராது. அப்பச்சி ஏறிய வண்டி ஏன் இன்னும் நிற்கிறது என்று கேட்டபோதெல்லாம் ஆத்தா சொன்ன பதில், "கிராசிங், எதிர் வண்டி வரணும்" என்பதுதான். அந்தக் காத்திருப்பு இல்லாத தடத்தை நான் கட்டி வைத்திருந்தேன்.

அவர் அன்று ஒரு மணி நேரம் விளக்கியதை வைத்துத்தான் மீதி வேலை எல்லாம் நடந்தது. நான் சிறுவயதில் பார்த்த அந்தப் பெட்டியான நீல் (Neale) குண்டு டோக்கன் கருவி என்பது அடுத்தடுத்த இரு நிலையங்களிலும் வைக்கப்பட்டு மின்சாரத்தால் பிணைக்கப்பட்ட சோடி. ஒரு சோடிக் கருவியிலிருந்து ஒரு நேரத்தில் ஒரே ஒரு குண்டைத்தான் எடுக்க முடியும். அதையும் எதிர் நிலையத்தவர் சம்மதித்து உதவினால்தான் எடுக்க முடியும். எடுத்த குண்டு இரண்டு கருவிகளில் ஏதேனும் ஒன்றுக்குள் திரும்பிப் போகும்வரை அடுத்தது வராது. ஒற்றைத் தடத்தில் இரு வண்டிகள் எதிரெதிரே புறப்படாமலிருப்பதற்கு அந்தக் குண்டே பொறுப்பு. பக்கத்துப் பிரிவின் (பிரிவு என்பது இரு நிலையங்களுக்கு இடைப்பட்ட தடம்) குண்டு தவறுதலாக உள்ளே போகாதபடி குண்டுகளின் அமைப்பே பிரிவுக்குப் பிரிவு மாறும். மணிக்கும் மொழி உண்டு: ஒரு தட்டு கவனிக்கச் சொல்வது; இரண்டு, லயன் கிளியரா என்று கேட்பது; மூன்று, வண்டி பிரிவுக்குள் நுழைகிறது என்பது; நான்கு, வண்டி வெளியேறிவிட்டது என்பது. மணி ஒலியைக் கேட்ட மறுநிலையத்தவர் அதே எண்ணிக்கையைத் திருப்பித் தட்டி ஏற்க வேண்டும்.

இதை எப்படிச் செய்தேன் என்பதைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன். லாரிப் பட்டறையில் கழித்துப்போட்ட பேரிங்கிலிருந்து எடுத்த அரை அங்குலக் குண்டுகள் ஆறு. நிலையத்துக்கு ஒன்றாக இரண்டு தேக்குப் பெட்டிகள். ஒவ்வொன்றிலும் 14 மி.மீ. உள்விட்டமுள்ள கண்ணாடி போன்ற அக்ரிலிக் குழாய் செங்குத்தாக நிற்கிறது. குண்டுகள் மேலிருந்து உள்ளே விழுந்து ஒன்றன்மேல் ஒன்றாக நிற்கும். அடியில் சிறு செர்வோ மோட்டாரால் (சொன்ன கோணத்துக்குத் திரும்பி நிற்கும் மோட்டார்) இயங்கும் கதவு ஒரு முறைக்கு ஒரு குண்டை மட்டும் விடும். இரண்டு பெட்டிகளையும் ஆர்டுயினோ என்ற, நிரல் எழுதி இயக்கும் சிறு மின்னணுப் பலகை பிணைக்கிறது. எதிர்ப் பெட்டியின் பொத்தானை ஒருவர் அழுத்திப் பிடித்திருக்கும்போது மட்டுமே இந்தப் பெட்டியின் கதவு திறக்கும். மணிக்கு ஒரு பக்கம் சிறிய பூசை மணி, மறுபக்கம் வெண்கலக் கிண்ணி. ஒலி வேறுபட்டால் எந்தப் பக்கத்து மணி என்று தலை திருப்பாமல் தெரியும். மூன்றாவது பகுதிதான் முக்கியமானது. வண்டியை ஓட்டுபவரின் வேகக் கட்டுப்பாட்டுப் பெட்டியில் ஒரு குழி இருக்கிறது. அந்தக் குழியில் குண்டு உட்கார்ந்து இரண்டு தகடுகளை இணைத்தால்தான் நிலையங்களுக்கு இடைப்பட்ட தடத்துக்கு மின்சாரமே போகும். குண்டு இல்லாமல் வேகக் குமிழை எவ்வளவு திருப்பினாலும் என்ஜின், நிலையத்தை விட்டுப் புறப்பட அனுமதிக்கும் ஸ்டார்ட்டர் கைகாட்டியோடு நின்றுவிடும்.

முதல் வடிவத்தில் வெளியே போன, உள்ளே வந்த குண்டுகளை ஆர்டுயினோ கூட்டிக் கழித்து நினைவில் வைத்திருந்தது. மூன்று வாரம் எந்தக் குறையுமில்லாமல் ஓடியது. ஒரு நாள் மாலை வண்டி நடுப்பிரிவில் இருக்கும்போது மின்சாரம் நின்றது. பத்து நிமிடத்தில் வந்துவிட்டது. காரைக்குடிப் பெட்டியருகே இருந்த ஸ்டேஷன் மாஸ்டர் ஐயப்பாடு எதுவுமின்றி மணியடித்துக் குண்டு கேட்டார், செட்டிநாட்டிலிருந்து நான் பொத்தானை அழுத்தினேன், பெட்டி கொடுத்துவிட்டது. அவர் அந்தக் குண்டை உள்ளங்கையில் வைத்து என்னிடம் நீட்டினார். "இது ரெண்டாவது குண்டு தம்பி. ஒண்ணு ஏற்கெனவே டிரைவர்கிட்ட இருக்கு." அவர் முகத்தில் விளையாட்டு இல்லை. மின்சாரம் போய் வந்ததும் ஆர்டுயினோ புதிதாகத் தொடங்கி, ஆறு குண்டும் உள்ளே இருப்பதாக எண்ணிக்கொண்டிருந்தது.

எண்ணிக்கையை மின்சாரம் போனாலும் அழியாத நினைவகத்தில் எழுதி வைக்கலாம் என்று முதலில் தோன்றியது. நிரலில் நான்கு வரிகள் சேர்த்தால் போதும். ஆனால் மின்சாரம் இல்லாத நேரத்தில் யாராவது ஒரு குண்டைக் கையால் எடுத்தாலோ போட்டாலோ நினைவகம் சொல்வதும் பொய்யாகிவிடும். நினைவில் இருப்பதை நம்புவதை விட்டு, குழாய்க்குள் இருக்கும் குண்டுகளையே ஒவ்வொரு முறையும் எண்ண வேண்டும் என்று முடிவு செய்தேன். பழைய ரிலேக்களிலிருந்து கழற்றிய மெல்லிய வில் தகடுகளைக் குழாயின் இருபுறமும் எதிரெதிராக ஆறு உயரங்களில் பதித்தேன். எஃகுக் குண்டு நிற்கும் உயரத்தில் தகடுகள் இணையும், குண்டே சுவிட்சாகிவிடும். இரண்டு குழாய்களிலும் சேர்த்து ஆறு குண்டுகள் தென்பட்டால்தான் கதவு திறக்கும். ஐந்து என்றால் எந்தப் பொத்தானுக்கும் பெட்டி அசையாது. முதல் நாளில் ஆறு இருந்தும் நான்கு, ஐந்து என்று மாறி மாறிக் காட்டியது. பேரிங் குண்டுகளில் ஒட்டியிருந்த எண்ணெய்ப் படலம்தான் காரணம். தின்னரில் கழுவித் துணியால் துடைத்ததும் சரியாயிற்று. மாதம் ஒருமுறை துடைக்கிறேன். எண்ணெய் படிந்தாலும் தகடு அழுக்கானாலும் கம்பி அறுந்தாலும் கருவி குண்டைக் குறைவாகத்தான் எண்ணும், குறைவாக எண்ணினால் வண்டி நிற்கும், தவறாக ஓடாது. இந்தப் பண்பைச் சொன்னபோது ஸ்டேஷன் மாஸ்டர் தலையசைத்தார். அதற்குப் பிறகு மெயின் சுவிட்சை நானே பதினைந்து முறை வேண்டுமென்றே அணைத்துப் போட்டுப் பார்த்தேன். இரண்டாவது குண்டு வரவில்லை.

கைகாட்டிகளிலும் இதே பாடத்தைப் பின்பற்றினேன். நம் பழைய கைகாட்டியில் கை கிடைமட்டமாக இருந்தால் நில், கீழே சாய்ந்தால் போ. கை தன் எடையால் கீழே சாயப் பார்க்கும் என்பதால், கம்பி அறுந்தாலும் அதைக் கிடைமட்டத்துக்கு இழுக்கும்படி எதிர் எடை வைத்திருப்பார்கள். நான் முதலில் செர்வோவையும் கையையும் விறைப்பான கம்பியால் இணைத்திருந்தேன். மின்சாரம் வரும் ஒவ்வொரு முறையும் செர்வோ துடித்து, கை ஒரு கணம் சாய்ந்து நிமிர்ந்தது. கம்பியை எடுத்துவிட்டுத் தூண்டில் நரம்பு போட்டேன், கையின் பின்புறம் ஈயக் குருமணி ஒன்றை எதிர் எடையாக ஒட்டினேன், செர்வோவுக்கு மின்சாரம் சில விநாடிகள் தாமதித்து ரிலே வழியாகப் போகும்படி மாற்றினேன். இப்போது நரம்பைக் கத்தரித்தாலும் கை 'நில்' என்றே நிற்கும்.

இவை முடிந்தபின் கால அட்டவணை எழுதினோம். சுவரிலுள்ள கடிகாரத்தை விட ஆறு மடங்கு வேகமாக ஓடும் கடிகாரம் ஒன்றைச் செய்தேன். அட்டவணையின் ஒரு மணி நேரம் நமக்குப் பத்து நிமிடம். வேகத்தையும் தாளத்தையும் மாற்றாமல், சுருக்கிய தூரத்துக்கு ஈடு செய்ய இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை. செட்டிநாட்டில் பாசஞ்சர் லூப் லயனில் ஒதுங்க, எதிரே வரும் எக்ஸ்பிரஸ் மெயின் லயனில் கடக்க வேண்டும். பாசஞ்சர் உள்ளே வந்து, ஓட்டுபவர் குண்டை ஒப்படைத்து, அதைப் பெட்டியில் போட்டு நான்கு மணி அடித்து, எதிரில் நான்கு மணி திரும்பி வந்து, பிறகு எக்ஸ்பிரசுக்கு இரண்டு மணி கேட்டு, குண்டு எடுத்து, கைகாட்டி சாய்த்து முடிப்பதற்குள் பாசஞ்சர் ஏழு நிமிடம் அசையாமல் நிற்கிறது. அந்த ஏழு நிமிடமும் கூடத்தில் இருப்பவர்கள் யாரும் பேசுவதில்லை. எக்ஸ்பிரசின் தடக் தடக் ஒலி மெல்ல நெருங்கிவருவதைக் கேட்டுக்கொண்டு நிற்கிறார்கள்.

சென்ற மாத ஓட்டத்தின் முடிவில் செட்டிநாட்டுக் குழாயில் ஐந்து குண்டுகளும் காரைக்குடியில் ஒன்றும் நின்றன. தெற்கிலிருந்து வடக்கே அதிக வண்டிகளை ஓட்டிவிட்டோம். இன்னும் ஒரு வண்டி வடக்கே வந்தால் காரைக்குடியில் கொடுக்கக் குண்டே இருக்காது. உண்மை நிலையங்களிலும் இது நேரும் என்றும், அப்போது பொறுப்புள்ளவர் கருவியைத் திறந்து, எண்ணிக்கையைப் பதிவேட்டில் எழுதிக் கையொப்பமிட்டு, குண்டுகளை எடுத்து மறுநிலையத்துக்கு அனுப்புவார் என்றும் ஸ்டேஷன் மாஸ்டர் சொன்னார். பெட்டிகளுக்குச் சிறு பூட்டுப் போட்டு, சாவியை அவரிடம் கொடுத்துவிட்டேன். கணக்குப் பிள்ளைகள் பயன்படுத்துவது போன்ற நீள நோட்டு ஒன்றில் கோடு போட்டு வைத்தேன். அவர் முதல் வரியில் தேதியும், எடுத்த குண்டு இரண்டு என்றும் எழுதிக் கையெழுத்திட்டார். நான் குண்டுகளைக் காரைக்குடிப் பெட்டிக்குக் கொண்டுபோய்ப் போட்டேன். ஆறு என்று விளக்கு எரிந்தது. அடுத்த பாசஞ்சருக்கு இரண்டு மணி அடித்தார்.